சுருளிக்கு எந்த வீடு?

சுருளி என்ற இளம் நாயை, மீட்பு அமைப்பினர் என் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, "ரெண்டு வாரம் வச்சிருங்க, அதுக்குள்ள ஒரு வீடு பாத்துடலாம்" என்றுதான் சொன்னார்கள். மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் இரண்டு ஜோடி செருப்பு, ஒரு தலையணை, கதவு நிலையின் அடியில் ஒரு சாண் மரம் எல்லாம் போயின. வால் முதுகின் மேல் சுருண்டு நிற்பதால் அந்தப் பெயர். வாயைத் திறந்து பார்த்த கால்நடை மருத்துவர், பால் பல் ஒன்றும் மிச்சமில்லை, புதுப் பல்லில் தேய்மானமும் இல்லை, அதனால் ஏழு மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள் என்று கணக்குச் சொன்னார். உடம்பு முன்னால் ஓட, புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவருகிற வயது. எடை அப்போதே 20 கிலோ.

தடுப்பூசி போட்டாயிற்று, கருத்தடையும் முடிந்தது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. வீடுதான் பாக்கி. கேட்டு வந்தவர்களைச் சலித்ததில் கடைசியாக நான்கு வீடுகள் நின்றன. நான்குமே நல்ல வீடுகள். நாயைச் சங்கிலியில் போட்டுவிட்டு மறந்துபோகிற ஆட்கள் அதில் யாரும் இல்லை. நல்லதையும் கெட்டதையும் வைத்துக்கொண்டு ஒன்றை எடு என்றால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். நல்லதாக நான்கு இருந்ததுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த நான்கையும் எப்படி ஒப்பிட்டேன், எங்கே தப்புக் கணக்குப் போட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஓயாமல் ஓடுகிற ஒரு இளம் நாயைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

முதல் தப்பு விளம்பரத்திலேயே நடந்தது. "துறுதுறுப்பான ஆண் நாய், அன்பான குடும்பம் தேவை" என்று எழுதினேன். படமும் நன்றாக அமைந்துவிட்டது. அன்று ராத்திரி வரை போன் ஓயவில்லை. பேசிப் பார்த்தால் துறுதுறுப்பு என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். ஒருவர் பந்தைத் தூக்கிப் போட்டால் எடுத்துவரும் நாயை நினைத்தார். இன்னொருவர் வாசலில் காவல் காக்கும் நாயை நினைத்தார். வேறொருவர், பாவம், பொம்மை மாதிரி மடியில் ஏறி விளையாடும் குட்டியையே நினைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: ஆள் வந்தால் மேலே தாவுவான். நடக்கும்போது வாரைப் பிடித்து இழுப்பான். தனியாக விட்டால் முதல் அரை மணி நேரம் குரைப்பான். வாய்க்கு எட்டியதைக் குதறுவான். பூனையைக் கண்டால் நிற்க மாட்டான். ஆனால் சாப்பிடும்போது தட்டில் கை வைத்தாலும் உறும மாட்டான், குளிப்பாட்டினால் அசையாமல் நிற்பான், காரில் ஏறினால் தூங்கிவிடுவான்.

போன் அடங்கிப்போனது. வந்த ஏழெட்டு அழைப்புகளும் கேள்வியோடு வந்தன. அந்த நான்கு வீடுகளும் இதில் கிடைத்தவைதான்.

நேரில் வந்து பார்த்தவர்களிடம் இன்னொரு சிக்கல். சுருளி புது ஆட்கள் முன்னால் ரொம்ப நல்ல பிள்ளை. "உட்கார்" என்றால் உட்காருவான். வந்தவர்கள், "நீங்க எழுதின அளவுக்கு ஒண்ணும் மோசமில்லையே" என்று சிரிப்பார்கள். நான் சொன்னால் மட்டும் காது கேட்காது. என்மேல்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் சொல் கேட்டு உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் அதே ஆள் சொன்னால் கேட்பது குறைந்துபோனது. முன்பின் தெரியாத ஆள் சொன்னபோது அந்தக் குறைவு இல்லை. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. நம் வீட்டுப் பதின்வயதுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் எவ்வளவு பணிவாக இருப்பார்கள் என்று தெரியுமல்லவா, அதே கதை.

இதில் எனக்குக் கிடைத்த பாடம், முதல் சந்திப்பில் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது. வருகிறவர்கள் பார்ப்பது அவர்களுக்குக் கிடைக்கப்போகிற நாயை அல்ல. அமெரிக்காவின் ஒஹையோவில் காப்பகங்களிலிருந்து தத்துப்போன ஏறக்குறைய 100 நாய்களை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. நாள் போகப் போக, ஆளைப் பிரிந்தால் தவிப்பது குறைந்தது. பரபரப்பும், சொல்லிக்கொடுப்பதில் சிரமமும், புது ஆட்களிடம் காட்டும் முறைப்பும் கூடின. அப்படியும் ஆறாவது மாதம் கேட்டபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் நாயின் குணம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, தேட வேண்டியது நாய் மோசமாக நடக்கப்போகும் அந்தச் சில மாதங்களைச் சிரித்தபடி தாண்டக்கூடிய வீட்டை.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? "நாயை நடக்கக் கூட்டிப்போவீர்களா?" என்று கேட்டால் போவேன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பொய் இல்லை, அந்த நேரத்தில் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன். "போன செவ்வாய்க்கிழமை எழுந்ததிலிருந்து படுக்கிற வரை என்ன செய்தீர்கள், கொஞ்சம் சொல்லுங்களேன்." ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டிருந்தால் கூடுதலாக ஒரு சாயம் பூசிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமைக்கு யாரும் சாயம் பூசுவதில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல, அந்த நாளுக்குள் சுருளியை நுழைத்துப் பார்ப்பேன். இப்போது எங்கே இருப்பான், யார் காலடியில் இருப்பான், என்ன கையில் கிடைக்கும் என்று.

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்குமேல் தூங்கும். சுருளி மாதிரி ஒருவனை இரண்டு மணி நேரம் ஓட விட்டாலும், விழித்தபடி சும்மா இருக்க வேண்டிய நேரம் இன்னும் எட்டு மணி நேரமாவது இருக்கிறது. வீட்டைக் கவிழ்ப்பது அந்த எட்டு மணி நேரம்தான். அந்த நேரத்துக்கு எந்த வீட்டில் பதில் இருக்கிறது என்பதுதான் என் ஒப்பீட்டின் அளவுகோல். இதைத் தொடக்கத்திலேயே தெரிந்து வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். பாதி வழியில், சூடுபட்ட பிறகு வந்த ஞானம்.

முதல் வீடு, ஓய்வு பெற்ற கணவன் மனைவி. சுற்றிலும் மதில், உள்ளே பெரிய தோட்டம். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் கை காட்டினார்கள். "இவ்வளவு இடம் இருக்கே, ஓடி ஓடிக் களைச்சுத் தூங்கிடுவான்." இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் யாராவது நாய் உலகத்திலிருந்து எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும். ஒரு நண்பரின் மதில் சூழ்ந்த தோட்டத்தில் சுருளியைத் தனியாக விட்டு, மாடி ஜன்னலிலிருந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் மூலைமுடுக்கெல்லாம் மோப்பம் பிடித்தான், இரண்டு சுற்று ஓடினான். மீதி ஐம்பது நிமிடமும் கதவுக்கு முன்னால் நின்றான். நடுவில் இரண்டு தடவை மண்ணைத் தோண்டினான், ஒரு தடவை மதிலின் உயரத்தை அளந்து பார்த்தான். தோட்டம் தானாக எந்த நாயையும் ஓட்டுவதில்லை, யாராவது கூட இறங்க வேண்டும்.

அந்த வீட்டின் உண்மையான பலம் தோட்டமில்லை. இரண்டு பேரும் நாள் முழுக்க வீட்டில் இருப்பதுதான் அங்கே பலம். அவர்களுடைய செவ்வாய்க்கிழமை அழகாக இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், மாலையில் மெதுவாக ஒரு நடை. அந்த "மெதுவாக" என்ற இடத்தில்தான் நான் நின்றேன். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. 20 கிலோ எடையுள்ள நாய் பூனையைக் கண்டு ஒரு வெட்டு வெட்டினால், வாரைப் பிடித்திருப்பவர் கீழே விழுவார். அந்த வயதில் விழுவது சின்ன விஷயமில்லை. "இன்னும் பன்னிரண்டு வருஷம் இருப்பான், அப்போ நமக்கு என்ன வயசு தம்பி?" என்று அந்த ஐயாவே கேட்டுவிட்டார், என் வேலை மிச்சம். அவர்களுக்கு மீட்பு அமைப்பிலேயே இருந்த ஏழு வயதுப் பெண் நாய் ஒன்றைக் காட்டினேன். வயது முதிர்ந்த நாய்களைக் கேட்டு யாரும் வருவதில்லை. அது இப்போது அந்தத் தோட்டத்தில் வெயில் காய்கிறது.

நடுவில் ஒருவர், ஆடு மாடு வளர்க்கும் தன் பண்ணைக்குக் கேட்டார். திறந்தவெளி, நாள் முழுக்க வேலை, கேட்க நன்றாகத்தான் இருந்தது. பூனையைக் கண்டாலே நிற்காதவன் ஆட்டைக் கண்டால் என்ன செய்வான்? குட்டியிலிருந்து மந்தையோடு வளர்ந்த நாய்க்கும் திடீரென்று மந்தை நடுவில் இறக்கிவிடப்பட்ட நாய்க்கும் வித்தியாசம் உண்டு. நன்றி சொல்லி முடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வீடு, நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் குழந்தைகள் உள்ள குடும்பம். ஒன்பது வயதுப் பெண் சுருளிக்காகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தாள். அதில் அவனுடைய நாள் அட்டவணை, அவனுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தைகள், எல்லாம் வண்ண பென்சிலில். அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

கஷ்டம் தம்பியால் வந்தது. நான்கு வயதுக் குழந்தை ஓடும், கத்தும், விழும். சுருளியின் பார்வையில் இவை மூன்றும் விளையாட்டுக்கு அழைப்பு. துரத்துவான், மேலே தாவுவான், சட்டையைப் பல்லால் பிடித்து இழுப்பான். கோபமே கிடையாது, ஆனாலும் குழந்தை கீழே விழும், அழும், ஒருநாள் தோலில் பல் படும். அன்றைக்கு அந்த நாய்க்குக் "கடிநாய்" என்று பெயர் விழுந்துவிடும். அதன்பிறகு அவனுக்கு வீடு தேடுவது இரண்டு மடங்கு பாடு. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சின்னக் குழந்தையையும் நாயையும் பெரியவர் கண் இல்லாமல் சேர்த்து விடக் கூடாது என்பது விதி. சுருளி வயதில் அந்தக் கண் ஒரு நிமிடம்கூட அசர முடியாது.

அது யாருடைய கண்? "காலையில் யார் நடக்கக் கூட்டிப்போவீர்கள்?" என்று கேட்டேன். அப்பா, மகள், மகன், மூன்று பேரும் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தார்கள். அவருடைய செவ்வாய்க்கிழமையை ஏற்கெனவே கேட்டிருந்தேன். அதில் அவர் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்ட இடமே வரவில்லை. ஒன்பது வயதுப் பெண் மட்டும் இருந்திருந்தால் யோசித்திருப்பேன். இரண்டு வருடம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் நோட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது வீடு. தனியாக இருக்கும் இளைஞர், நெடுந்தூரம் ஓடுகிறவர். காலையில் பத்து கிலோமீட்டர் அவருக்குச் சாதாரணம். என் குறிப்பேட்டில் இவர் பெயருக்கு நேரே மூன்று நட்சத்திரம் போட்டிருந்தேன். ஓடுகிற நாய்க்கு ஓடுகிற மனிதர், பொருத்தம் இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடுவான்?" அப்போது அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

இவருக்குத்தான் முதலில் கொடுத்தேன். இரண்டு வாரம் சோதனையாக வைத்துப் பார்க்கலாம் என்பது பேச்சு. பதினோராவது நாள் சுருளி திரும்பி வந்துவிட்டான்.

நடந்தது இதுதான். அவருடைய செவ்வாய்க்கிழமையில் காலை ஓட்டம் ஒன்றரை மணி நேரம். பிறகு குளித்து வேலைக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பதரை மணி நேரம். இதை அவர் மறைக்கவே இல்லை. நான்தான் அந்த ஒன்றரையைப் பார்த்து மயங்கி ஒன்பதரையைப் பார்க்காமல் விட்டேன். முதல் நாலு நாள் ஓடிய களைப்பில் பகலில் தூங்கினான். அப்புறம் உடம்பு தேறிவிட்டது. தினமும் ஓடுகிற எந்த உடம்பும் அப்படித்தான், நேற்றுக் களைத்த தூரத்துக்கு இன்று களைக்காது. முன்பு ஒரு மணி நேரம் குதித்தவன் இப்போது மூன்று மணி நேரம் குதிக்கும் தெம்போடு பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்தான். எட்டாவது நாள் ஜன்னல் திரை போயிற்று. ஒன்பதாவது நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். நாள் முழுக்க ஊளை என்றார்கள். பத்தாவது நாள் வீட்டு உரிமையாளர் போன் செய்தார்.

இன்னொன்றும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வளர்ந்துகொண்டிருக்கும் நாயின் கால் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கும். நடுத்தர அளவு நாய்க்கு அவை மூடிக் கெட்டிப்பட ஒரு வயதாவது ஆகும், பெரிய வகைகளுக்கு ஒன்றரை வயது வரைகூட. அதற்குமுன் கெட்டித் தரையில் நெடுந்தூரம் ஓட்டுவது மூட்டுக்கு ஆகாது என்று மருத்துவர் கண்டித்தார். அவரவர் இஷ்டத்துக்கு ஓடி, நின்று, முகர்ந்து, மறுபடி ஓடுவது வேறு, ஒரே வேகத்தில் பத்து கிலோமீட்டர் இழுத்துப் போவது வேறு.

அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் அவனை என் கையில் கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டார். நாய் கூடவே இருக்க முடிகிற வேலையோ, பகலில் வந்து பார்க்க ஆளோ இருந்திருந்தால் அவர் வீடு நன்றாகவே அமைந்திருக்கும். பதினோரு நாளில் முடித்துக்கொண்டது அவசரமோ என்று இன்றும் எப்போதாவது தோன்றும். நாய் மீட்பில் இருப்பவர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நினைக்க மூன்று மாதம். ஆய்வு செய்து வந்த கணக்கு இல்லை, அனுபவத்தில் சொல்வது. ஆனால் வாடகை வீட்டில் மூன்று மாதம் ஊளையைப் பொறுத்துக்கொள்ள யாரும் காத்திருக்கப்போவதில்லை. அமெரிக்காவில் 12 காப்பகங்களில் எடுத்து 1998இல் வெளியான ஆய்வில், நாயைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொன்ன தனித்தனிக் காரணங்களில் முதலில் வந்தது வீடு மாறுவது, அடுத்தது வீட்டு உரிமையாளர் ஒப்பாதது. கேட்டு வருகிறவரிடம் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துவிடுவது அநாகரிகம் இல்லை.

சுருளி திரும்பி வந்த அந்த வாரம்தான் ரொம்ப மோசம். என் அறைக்கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு, நான் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்தான். அப்போது இன்னும் இரண்டு வழிகள் கண்ணில் பட்டன. ஒன்று, காப்பகத்துக்கே திருப்பி அனுப்புவது. அங்கே நாளுக்கு எத்தனையோ பேர் வந்து பார்ப்பார்கள், என் போனுக்கு வருவதைவிட அதிகம். ஆனால் காப்பகத்துக்குள் புதிதாக வரும் நாய்களுக்கு முதல் சில நாட்கள் மன அழுத்தத்தின் அடையாளமான கார்ட்டிசால் ஏறியிருப்பதை 1990களிலேயே அளந்திருக்கிறார்கள். 2019இல் வந்த ஓர் ஆய்வில், காப்பக நாய்களை ஓரிரு ராத்திரி யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டபோது அது இறங்கியது, திரும்பக் கொண்டுவந்து விட்டதும் பழைய அளவுக்கே ஏறியது. பார்க்க வருகிறவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று 2014இல் கவனித்தவர்கள், ஒரு நாயோடு சராசரியாக எட்டு நிமிடம்தான் செலவிடுகிறார்கள் என்று கண்டார்கள். பக்கத்தில் வந்து படுக்கிற நாய், விளையாடக் கூப்பிட்டால் வருகிற நாய், இவைதான் வீடு போகின்றன. சத்தத்தில் மிரண்டு கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும் சுருளி எட்டு நிமிடத்தில் யார் பக்கத்தில் படுப்பான்? வேறு வழியே இல்லாதபோது காப்பகம் ஒரு கதி. எனக்கு வழி இருந்தது.

இன்னொரு வழி, நானே வைத்துக்கொள்வது. கேட்டவர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள், ஏதோ எனக்கு அது தோன்றாத மாதிரி. பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் என் செவ்வாய்க்கிழமையையும் எடுத்து எழுதிப் பார்த்தேன். அந்த இளைஞரின் நாளைவிட அப்படியொன்றும் மேலாக இல்லை. மூன்று மாதமாக என் வேலையைத் தள்ளிப்போட்டுத்தான் அவனைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். மேலும், அவன் இங்கேயே தங்கிவிட்டால் அடுத்து வருகிற நாய்க்கு இடமில்லை. திரும்பி வந்த குற்ற உணர்ச்சியில் எடுக்கிற முடிவு பன்னிரண்டு வருடம் தாங்காது என்று பட்டது.

இனி நான்காவது வீடு. குறிப்பேட்டில் இவர் பெயருக்கு நேரே "ஆர்வம் குறைவு" என்று எழுதியிருந்தேன். முதல் அழைப்பு மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. "அழகா இருக்கான்" என்றுகூடச் சொல்லவில்லை அந்தப் பெண்மணி. இரண்டாவது மாடியில் சின்ன வீடு, வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை, ஏற்கெனவே செவலை என்று ஆறு வயதுப் பெண் நாய் ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கில் இதுதான் கடைசி. இடம் குறைவு, ஓட ஆளில்லை, கூடவே இன்னொரு நாயோடு ஒத்துப்போகுமா என்ற சந்தேகம் வேறு.

சுருளி திரும்பி வந்த பிறகு பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அந்த மூன்று நிமிடத்தில் அவர் கேட்டது மூன்று கேள்வி. "ராத்திரி எங்கே படுப்பான்? இடி இடிச்சா என்ன பண்ணுவான்? நீங்க போன்ல பேசும்போது வந்து தொந்தரவு பண்ணினா நீங்க என்ன செய்வீங்க?" அடடா என்று இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் நாய் என்ன செய்யும் என்று கேட்டார்கள். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். மூன்று கேள்வியும் அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றியவை.

மறுபடி கூப்பிட்டு அவருடைய செவ்வாய்க்கிழமையைக் கேட்டேன். காலை ஆறு மணிக்கு ஒரு நடை, நாற்பது நிமிடம். தூரம் அதிகமில்லை, செவலை ஒவ்வொரு கம்பமாக முகர்ந்துகொண்டு வருவாள், அவர் காத்திருப்பார். அப்புறம் மேசையில் வேலை, காலடியில் செவலை. பதினொரு மணிக்குப் பழைய துணி ஒன்றில் தீனியைச் சுருட்டிக் கொடுப்பார், அதைப் பிரித்துத் தின்ன அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். மதியம்? "மதியம் ஒண்ணும் நடக்கலைங்க. ரெண்டு பேரும் சும்மா இருந்தோம்." சாயங்காலம் ஒரு நடை. அந்த "சும்மா இருந்தோம்" என்பதைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முகர விடுவதைச் சோம்பேறி நடை என்று நானும் நினைத்திருந்தேன். 2019இல் டுராண்டன், ஹொரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு தொகுதி நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டும், இன்னொரு தொகுதிக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி, மோப்பம் பிடித்த நாய்கள் முன்பைவிட நம்பிக்கையோடு விரைந்து போயின, மற்றவற்றில் அந்த மாற்றம் இல்லை. சுருளி விஷயத்தில் நான் கண்டதும் அதற்குப் பக்கத்தில்தான். ஒரு மணி நேரம் பந்து எறிந்தால் கண் இன்னும் பெரிதாகி நிற்பான். இருபது நிமிடம் புல்லில் தீனியைத் தூவித் தேட விட்டால் வந்து படுத்துவிடுவான்.

செவலை எப்படி எடுத்துக்கொள்வாள் என்பது பாக்கி. ஒன்று ஆண் ஒன்று பெண், இரண்டுக்கும் கருத்தடை ஆகியிருக்கிறது என்றால் பொதுவாக ஒத்துப்போவது சுலபம். அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகியிருந்தால் நான் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். மூட்டு வலியோடு படுத்திருக்கும் கிழ நாய் மேல் ஒரு விடலையை ஏவிவிடுவது பாவம். ஆறு வயது சரியான நடு வயது. இரண்டும் முதலில் சந்தித்தது அவள் வீட்டில் அல்ல, இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு திறந்தவெளியில். பத்தடி இடைவெளி விட்டு ஒரே திசையில் அரை மணி நேரம் நடத்தினோம். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்தவில்லை. மூன்றாவது நாள் சுருளி வழக்கம்போல அவள் கழுத்தின் மேல் தாவினான். செவலை பல்லைக் காட்டி ஒரு உறுமல் உறுமினாள், அவ்வளவுதான். நான் பதறி வாரை இழுக்கப் போனேன். அந்தப் பெண்மணி, "விடுங்க, அவ சரியாத்தான் சொல்றா" என்றார். சுருளி இரண்டடி பின்வாங்கி, தரையை முகர்ந்து, வேறு பக்கம் பார்த்தான். மூன்று மாதமாக நான் "தாவாதே" என்று சொன்னது அந்த ஒரு உறுமலில் புரிந்தது. உறுமலை அடக்கி வைத்தால் நாய் எச்சரிக்காமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வீட்டிலும் குறை இல்லாமல் இல்லை. அவர் தனி ஆள். உடம்புக்கு முடியாமல் போனால் இரண்டு நாயையும் யார் பார்ப்பது என்று கேட்டேன். அண்ணன் மகன் ஒருவன் நடக்கும் தூரத்தில் இருக்கிறான் என்றார். அவனை நேரில் வரச்சொல்லி, ஒரு நாள் சுருளியோடு நடந்து பார்க்க வைத்தேன். கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் பேச்சில் மட்டும் இருக்கிற மாற்று ஆளை நம்பி ஏமாந்த கதை நிறைய கேட்டிருக்கிறேன். மாடிப்படி இன்னொரு கவலை. சுருளி படியில் உருண்டு இறங்குவான். அதற்குப் படி வாசலில் ஒரு தடுப்பு போடச் சம்மதித்தார்.

இந்தத் தடவையும் இரண்டு வாரச் சோதனை என்றேன். அவர், "மூணு வாரம் வைங்க, ரெண்டு வாரத்துல எனக்கும் தெரியாது அவனுக்கும் தெரியாது" என்றார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும், அவனை வைத்துக்கொள்ள முடியாது என்றால் வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே கொண்டுவர வேண்டும் என்று அதில் ஒரு வரி. மருத்துவச் சீட்டுகளைக் கோத்துக் கொடுத்தேன். அவன் படுத்திருந்த போர்வையைத் துவைக்காமல் அப்படியே அனுப்பினேன், பழகிய வாசனை கூடப் போகட்டும் என்று. அதைக் கார் சீட்டில் விரித்ததும் ஏறிப் படுத்தான், வண்டி திரும்புவதற்குள் தூங்கிவிட்டான்.

முதல் வாரம் தினமும் போன் செய்து அவரைப் படுத்தினேன். இரண்டாவது வாரம் ஒரு மேசைக்கால் போன செய்தி வந்தது. மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றரைக்கு ஒரு வரி: "ஒன்றரையிலிருந்து தூங்குறான், எழுப்பவா?"

எழுப்ப வேண்டாம் என்று பதில் போட்டேன்.